புகைபோக்கிக்குள் மறைந்த தூக்கி

எங்கள் வீட்டு முன்வாசலுக்கு 6 படிகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது, மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அடித்தளத்தைத் தெரு மட்டத்திலிருந்து 3 அடி உயர்த்தினோம். அந்த மூன்றடியை அன்று ஒரு பெருமையாகவே கருதினேன். சென்ற ஆண்டு என் மனைவி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய மாலையில்தான் அது எவ்வளவு பெரிய உயரம் என்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவரும், ஓட்டுநரும், நானுமாக நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கி உள்ளே கொண்டுசென்றோம். அந்தச் சில நிமிடங்களும் அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

சாய்தளம் அமைத்துவிடலாம் என்பதே முதலில் தோன்றிய எண்ணம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான கணக்கு. 3 அடிக்கு 36 அடி வேண்டும். எங்கள் வாசலுக்கும் மதிற்சுவருக்கும் இடையே இருப்பதோ 14 அடி. ஆகவே, சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி இறக்கும் மேடைத் தூக்கி ஒன்றைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. அடுக்குமாடிகளில் நாம் காணும் மின்தூக்கியைப்போல் இதற்கு ஆழமான குழியோ, மேலே இயந்திர அறையோ தேவையில்லை. இடுப்பளவு தடுப்புகள் கொண்ட ஒரு தளம். அதன் கீழே சில அங்குலப் பள்ளம். பக்கத்தில் ஒரு கம்பம். அவ்வளவுதான்.

அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. கொல்லைப்புறத்தில் வைத்தால் போதுமே என்றனர் உறவினர்கள். முன்புறம் வைத்தால் வீட்டின் தோற்றம் கெடும். தெருவில் போவோர் வருவோர் கண்ணில் எல்லாம் படும். அவர்கள் அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். நானும் அரைமனத்தோடு தலையசைத்துவிட்டேன். என் மனைவி மட்டும் பேசாமல் இருந்தார். அந்த இரவில்தான் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் என் நினைவுக்கு வந்தார்.

முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். பெருமந்தத்தைப் பற்றியும், 1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்றதைப் பற்றியும், ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் திட்டங்களைப் பற்றியும் ஆண்டுதோறும் வகுப்பெடுத்திருக்கிறேன். வங்கிச் சீர்திருத்தம், பொதுப்பணிச் செலவு, சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்று பலகை நிறைய எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் தம் வீட்டு மாடிக்கு எப்படி ஏறினார் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30 அன்று, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் கரையிலுள்ள ஹைட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். ஸ்பிரிங்வுட் என்ற பெயர்கொண்ட அந்தப் பண்ணை மாளிகையில், தாய் சாராவின் ஒரே பிள்ளையாகச் செல்வத்தில் வளர்ந்தார். ஹார்வர்டில் படித்தார். 1905-இல் தூரத்து உறவினரான எலினோரை மணந்தார். 1910-இல் மாநில செனட் உறுப்பினர், 1913-இல் கடற்படைத் துறையின் துணைச் செயலர், 1920-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் என்று வேகமாக முன்னேறினார். அந்தத் தேர்தலில் தோற்றபோதும் அவருக்கு வயது 38-தான். உயரமானவர், படகோட்டுவதிலும் நீந்துவதிலும் விருப்பமுள்ளவர்.

1921 ஆகஸ்டில் கனடாவின் கம்போபெல்லோ தீவிலிருந்த கோடைக்கால இல்லத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் படகில் சென்று, வழியில் கண்ட காட்டுத்தீயை அணைக்க உதவி, குளிர்ந்த நீரில் நீந்தித் திரும்பியவருக்குக் குளிர்நடுக்கம் கண்டது. அடுத்த சில நாள்களில் இரு கால்களும் செயலிழந்தன. இளம்பிள்ளைவாதம் என்று மருத்துவர்கள் முடிவு கூறினர். அது வேறு ஒரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் வாதிட்டதுண்டு. எந்த நோயாயினும் அதற்குப் பின் அவரால் துணையின்றி நிற்கவோ நடக்கவோ முடியவில்லை.

மறைத்தல் என்பது அப்போதே தொடங்கிவிட்டது. தீவிலிருந்து அவரைத் தூக்குக் கட்டிலில் வைத்துப் படகில் இறக்கி, மறுகரையில் ரயிலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அவருடைய அரசியல் உதவியாளர் லூயி ஹோ, செய்தியாளர்கள் வேறோர் இடத்தில் காத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது ரூஸ்வெல்ட் ரயில்பெட்டியின் சன்னலோரம் தலையணையில் சாய்ந்து சிரித்த முகத்தோடு இருந்தார். அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்த காட்சியை எவரும் காணவில்லை.

மகன் பொதுவாழ்விலிருந்து விலகி ஹைட் பார்க்கில் பண்ணையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ வேண்டும் என்று தாய் விரும்பினார். அரசியலைக் கைவிட்டால் அவர் உள்ளுக்குள் இறந்துவிடுவார் என்று எலினோரும் லூயி ஹோவும் கருதினர். ரூஸ்வெல்ட் இரண்டாம் கட்சியில் சேர்ந்துகொண்டார். ஆனால் வாழ்ந்தது தாயின் வீட்டில். அந்த வீட்டில் மாடிப்படிகள் இருந்தன.

ஸ்பிரிங்வுட்டில் பயணப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்கென்று ஏற்கெனவே ஒரு சிறிய சுமைதூக்கி இருந்தது. ஓர் அலமாரி அளவே இருக்கும். கயிறும் கப்பியுமாகக் கையால் இயக்குவது. ரூஸ்வெல்ட் தம் நாற்காலியை அதற்குள் உருட்டிக்கொண்டு போய், கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துத் தம்மைத் தாமே மேலே ஏற்றிக்கொண்டார். நாட்டின் அதிபரான பிறகும் ஹைட் பார்க்குக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் மாடிக்குச் சென்றார். மின்விசை பொருத்திக்கொள்ள அவரிடம் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் மறுத்தார். நெருப்பைப்பற்றி அவருக்கு ஆழ்ந்த அச்சம் இருந்தது. தீப்பற்றி மின்சாரம் நின்றுபோனால் பெட்டிக்குள் அகப்பட்டுக்கொள்ள நேரும். கயிறு கையில் இருந்தால் தாமே இறங்கிவிடலாம். தவழ்ந்து வெளியேறவும் அவர் பழகி வைத்திருந்தார்.

எங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வந்த இளைஞரிடம் என் மனைவி கேட்ட முதல் கேள்வியும் இதுவே. கரண்ட் போனால் நான் நடுவில் நிற்க வேண்டுமா? மின்கலம் உண்டு, அது தளத்தைக் கீழே இறக்கிவிடும், அதுவும் தீர்ந்துபோனால் வெளியில் இருப்பவர் கையால் இறக்க வழி உண்டு என்று அவர் விளக்கினார். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் தளம் நகரும், விரலை எடுத்தால் அங்கேயே நின்றுவிடும் என்றும் சொன்னார். இத்தகைய தூக்கிகளின் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. அடியில் நாயோ குழந்தையோ அகப்பட்டால் தொட்ட மாத்திரத்தில் நின்றுவிடும் அமைப்பும் உண்டு. ரூஸ்வெல்ட்டின் அச்சத்துக்குப் பொறியியல் பின்னாளில் விடை கண்டுவிட்டது.

நாற்காலியும் அவர் வடிவமைத்ததுதான். அக்காலத்துச் சக்கர நாற்காலிகள் பிரம்பால் ஆனவை, அகலமானவை. சாதாரண வீட்டுக் கதவுக்குள் நுழையாதவை. கைப்பிடியில்லாத ஓர் எளிய மர நாற்காலியை எடுத்து, அதன் கால்களை நீக்கிச் சக்கரங்களைப் பொருத்தச் செய்தார். குறுகிய நடைகளிலும் அந்தச் சுமைதூக்கியிலும் அது நுழைந்தது. உட்கார்ந்தபின் பார்ப்பவர்களுக்கு அது சக்கர நாற்காலியாகத் தெரியாது என்பதும் ஒரு வசதி.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. 1922 அக்டோபரில் நியூயார்க் பிராட்வே தெருவில் தாம் பணிபுரிந்த அலுவலகத்துக்கு, நோய்க்குப் பின் முதன்முறையாகச் சென்றார். இடுப்பிலிருந்து பாதம் வரை எஃகுக் கவசம், இரு கக்கங்களிலும் ஊன்றுகோல். கீழ்த்தள முகப்பில் மெருகேற்றிய பளிங்குத் தரை. ஊன்றுகோல் வழுக்கியது, எல்லார் முன்னிலையிலும் விழுந்தார். கூடிய அந்நியர்களைப் பார்த்துச் சிரித்து, அவர்களையும் ஓட்டுநரையும் கொண்டு எழுந்து நின்று மின்தூக்கியை அடைந்தார். மாடிக்குப் போக அங்கே மின்தூக்கி இருந்தது. அதை எட்டுவதற்கான பத்துப் பதினைந்து தப்படித் தரைதான் அவரை வீழ்த்தியது. இன்று நம் வணிக வளாகங்களில் பளபளக்கும் தரையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சி மனத்தில் தோன்றுகிறது.

அவர் பங்குதாரராக இருந்த சட்ட நிறுவனம் வால் ஸ்ட்ரீட்டில் இருந்தது. அதன் வாயிலில் சில படிகள். அவற்றில் ஏற வேண்டுமானால் தெருவே பார்க்கத் தம்மைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதால் அவர் அங்கே போவதையே தவிர்த்தார். பிறகு அந்த நிறுவனத்திலிருந்து விலகி, பிராட்வேக் கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்த பேசில் ஓகானர் என்ற வழக்குரைஞரோடு கூட்டுச் சேர்ந்தார். விலகியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தப் படிகளும் ஒரு காரணம். ஒரு கட்டடத்தின் நுழைவுப் படிகள் எத்தனை பேரின் உழைப்பை அந்தக் கட்டடத்துக்கு இழக்கச் செய்கின்றன என்று பொருளியல் நூல்கள் கணக்கிடுவதில்லை. வராதவர் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

1924 ஜூனில் நியூயார்க்கில் நடந்த கட்சி மாநாட்டில், ஆல் ஸ்மித்தின் பெயரை அதிபர் வேட்பாளராக முன்மொழிய மேடையேறினார். மகன் ஜேம்ஸின் துணையோடு மேடைவரை வந்து, கடைசிச் சில அடிகளை ஊன்றுகோல்களோடு தாமே கடந்தார். பேச்சு மேசை தம் எடையைத் தாங்குமா என்று முன்கூட்டியே ஒருவரை அசைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவ்வாண்டு இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார். நீரின் மிதப்பில் கால்கள் சற்றே அசைந்தன. 1926-இல் தம் சொத்தின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 2 லட்சம் டாலரைப் போட்டு அந்த இடத்தையே வாங்கி, இளம்பிள்ளைவாத நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையமாக்கினார்.

வார்ம் ஸ்பிரிங்ஸில் எவரும் எதையும் மறைக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்போரே அங்கே பெரும்பான்மை. பாதைகள் சாய்தளங்களாக அமைந்தன. ரூஸ்வெல்ட் கையால் மட்டும் இயக்கும் காரை ஓட்டிக்கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளோடு பேசினார். கிராமப்புறத்தில் மின்சாரம் எவ்வளவு விலையேறியது, வங்கிகள் எவ்வளவு எளிதில் மூழ்குகின்றன என்பதையெல்லாம் அவர் அங்கேதான் கற்றார். என் மதிப்பீட்டில் நியூ டீலின் பாதி அங்கே உருவானது. ஆனால் அந்த மையம் வெள்ளையர்க்கு மட்டுமே திறந்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கான தனி மையம் அலபாமாவின் டஸ்கிகீயில் 1941-இல்தான் திறக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் வார்ம் ஸ்பிரிங்ஸைப் புகழ்வது முறையாகாது.

1928-இல் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் நின்றார். கூட்ட அரங்குகள் பலவும் மாடியில் இருந்தன. நெரிசலான முன்படிகள் வழியே அவரைக் கொண்டுபோக முடியாத இடங்களில், கட்டடத்தின் பின்புறத் தீயணைப்பு ஏணிப்படிகள் வழியே ஆள்கள் தூக்கிச் சென்றனர். மேலே போனதும் கவசத்தின் பூட்டுகளை மாட்டி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மகனின் கையைப் பற்றி மேடைக்கு வருவார். மக்கள் கண்டது அதை மட்டுமே. பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற அம்மையார் அப்படி அவர் தூக்கிச் செல்லப்படுவதை நேரில் கண்டவர்களுள் ஒருவர். பிறரிடம் உதவி பெறும் இழிவுணர்ச்சியை அவர் எவ்வளவு பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் என்பதை அம்மையார் பின்னர்ப் பதிவுசெய்திருக்கிறார். ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் தொழிலாளர் துறைச் செயலராகி, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர் அவரே.

1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் அதிபரானார். வெள்ளை மாளிகையில் தேவையான இடங்களில் சாய்தளங்கள் போடப்பட்டன. அவர் நீந்துவதற்கென்று மக்கள் நன்கொடையில் ஒரு குளம் கட்டப்பட்டது. 1934-இல் மேற்குப் பகுதி விரிவாக்கப்பட்டபோது அதிபரின் நீள்வட்ட அலுவலகம் தென்கிழக்கு மூலைக்கு மாற்றப்பட்டது. குடியிருப்புப் பகுதியிலிருந்து நாற்காலியில் எளிதாக வந்துசேர முடிந்தது அதன் பயன்களுள் ஒன்று. உலகம் தொலைக்காட்சியில் காணும் அந்த அறை இன்றும் அதே மூலையில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளைவிட வியப்பளிப்பது அவற்றைச் சுற்றி எழுப்பப்பட்ட திரை. அதிபரை நாற்காலியில் இருக்கும்போதோ, தூக்கப்படும்போதோ படமெடுப்பதில்லை என்பது செய்தியாளரிடையே எழுதப்படாத உடன்பாடு. மீறி எடுப்பவரைப் பாதுகாவலர்கள் தடுத்தனர். 1936 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில், ஒரு லட்சம் பேரளவில் கூடியிருந்த திடலில், முதிய கவிஞர் எட்வின் மார்க்கமுக்குக் கைகொடுக்க முயன்றபோது கவசத்தின் பூட்டு விட்டுப்போய் விழுந்தார். எழுப்பி நிறுத்தினார்கள், சிதறிய தாள்களை அடுக்கிக்கொண்டு மேடையேறிப் பேசினார். விழுந்த செய்தி வெளியே பரவவில்லை.

அதே ஆண்டில் பொட்டோமாக் என்ற படகு அதிபரின் பயன்பாட்டுக்கு வந்தது. கடலோரக் காவல் படைக்காகக் கட்டப்பட்ட அதை மாற்றியமைத்தபோது இரண்டாவதாக ஒரு புகைபோக்கி வைத்தார்கள். அதிலிருந்து புகை வராது. அதற்குள் கயிறு கட்டிய கைத்தூக்கி ஒன்று இருந்தது. ஹைட் பார்க்கில் செய்ததைப்போலவே ரூஸ்வெல்ட் அதற்குள் அமர்ந்து கயிற்றை இழுத்து மேல்தளத்துக்கு ஏறுவார். கரையிலிருந்து பார்ப்பவருக்கு இரு புகைபோக்கிகள் கொண்ட கம்பீரமான கப்பல். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்தில் அந்தப் படகு பாதுகாக்கப்பட்டுவருகிறது. அதன் படத்தை முதன்முதலில் கண்ட நாளில் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தூக்கியை ஒளிக்க ஒரு புகைபோக்கியைக் கட்டியிருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் அவருக்கென்று உருவாக்கிய விமானத்தில், நாற்காலியோடு அவரைத் தரையிலிருந்து உள்ளே ஏற்றும் மின்தூக்கி பொருத்தப்பட்டது. அதற்குமுன் அவர் இறங்கும் இடங்களில் நீண்ட சாய்தளம் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கண்டாலே வருபவர் யார் என்பதை எதிரியின் உளவாளி அறிந்துகொள்வான் என்ற கவலை. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குச் சென்றபோது அந்த விமானத்தைப் பயன்படுத்தினார். அதுவே முதலும் கடைசியும்.

இவற்றையெல்லாம் ஒரு தனிமனிதரின் மானம் காக்கும் முயற்சி என்று மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1930-களின் வாக்காளர், நாற்காலியிலிருந்து எழ முடியாதவரை அதிபராகத் தேர்ந்தெடுத்திருப்பாரா என்பது ஐயமே. நான்குமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறு வழியில் அங்கே வந்திருக்க முடியாது என்று வாதிடுவோர் உண்டு; அந்த வாதத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஆனால் மறைத்ததற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வேறு சிலர்.

1935 மே மாதத்தில் நியூயார்க் நகரின் நிவாரண அலுவலகம் ஒன்றில் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் சிலர் நுழைந்து வெளியேற மறுத்து அமர்ந்தனர். அவர்களுள் பலர் ரூஸ்வெல்ட்டைப்போலவே இளம்பிள்ளைவாதம் கண்டவர்கள். அரசு தொடங்கிய பொதுப்பணித் திட்டத்தில் வேலை கேட்டார்கள். அந்தத் திட்டம் தன் காலம் முழுவதிலும் ஏறத்தாழ 85 லட்சம் பேருக்கு வேலை தந்தது. ஆனால் உடற்குறை உள்ளவர்கள் வேலைக்குத் தகுதியற்றோர் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தனர். அவர்களுடைய விண்ணப்பங்களில் அதைக் குறிக்கும் முத்திரை குத்தப்பட்டது. போராடியவர்கள் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டு தலைநகருக்கே சென்று திட்டத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸைச் சந்தித்தனர். நியூயார்க்கில் அவர்களுள் பலருக்கு வேலை கிடைத்தது, கொள்கை மாறவில்லை. அந்த முத்திரையின்படி பார்த்தால், அந்தத் திட்டத்தில் கையொப்பமிட்ட அதிபரும் வேலைக்குத் தகுதியற்றவரே.

அதே 1935 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோருக்கு ஓய்வூதியம் இருந்தது, வேலையற்றோருக்கு உதவி இருந்தது, பார்வையற்றோருக்கு உதவி இருந்தது. உழைக்கும் வயதில் உடல் செயலிழந்தவருக்கான காப்பீடு இல்லை. அது 1956-இல்தான் சேர்க்கப்பட்டது. நிதிச் சுமையும் நாடாளுமன்றக் கணக்குகளும் காரணங்கள் என்று நானே வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இன்று யோசிக்கையில், தூக்கிகளும் சாய்தளங்களும் எல்லார் கண்ணிலும் பட்டிருந்தால், அவற்றின் உதவியோடு ஒருவர் ஒரு நாட்டையே நடத்த முடிகிறது என்பதை மக்கள் நாளும் கண்டிருந்தால், தகுதியற்றோர் என்ற அந்த முத்திரையைக் குத்தும் கை சற்றே தயங்கியிருக்கும் என்றே தோன்றுகிறது.

இந்த மனிதர் மறைக்காமல் கட்டிய கட்டடமும் ஒன்று உண்டு. 1938-இல் ஹைட் பார்க்கின் குன்றின்மேல், கட்டடக் கலைஞர் ஹென்றி டூம்ஸோடு சேர்ந்து தாமே திட்டமிட்டு ஒரு சிறிய கல்வீட்டைக் கட்டினார். டாப் காட்டேஜ் என்பது அதன் பெயர். அறைகள் யாவும் ஒரே மட்டத்தில். வாசற்படிக் கட்டைகள் கிடையாது. சன்னல்கள் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டும் தாழ்வில். திண்ணையிலிருந்து தோட்டத்துக்கு மண்ணைச் சாய்வாகக் கொட்டி வழி அமைத்தார்கள். அது சாய்தளம் என்றே தெரியாது, நிலத்தின் சரிவுபோல இருக்கும். மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்காகத் தாமே வடிவமைத்த வீடுகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. 1939 ஜூனில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜும் அரசியும் அந்தத் திண்ணையில்தான் விருந்துண்டனர். ரூஸ்வெல்ட் நாற்காலியில் இருக்கும் மிகச் சில படங்களுள் ஒன்று, 1941-இல் உறவினரான மார்கரெட் சக்லி எடுத்தது, அங்கே எடுக்கப்பட்டதே. மடியில் ஒரு நாய்க்குட்டி, பக்கத்தில் ஒரு சிறுமி.

1945 மார்ச் 1 அன்று யால்டாவிலிருந்து திரும்பி நாடாளுமன்றத்தில் உரையாற்ற வந்தபோது, அவர் வழக்கம்போல் நிற்கவில்லை, நாற்காலியில் அமர்ந்தார். கால்களில் 10 பவுண்டு எஃகைச் சுமந்து நிற்காமல் அமர்ந்து பேசுவது தமக்கு எளிது என்று சொல்லி உறுப்பினர்களிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்டார். பன்னிரண்டாண்டுகளில் நாடாளுமன்றத்தின் முன் கவசத்தைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். ஆறு வாரங்கள் கழித்து ஏப்ரல் 12 அன்று, வார்ம் ஸ்பிரிங்ஸில், 63-ஆம் வயதில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1955-இல் அதே ஏப்ரல் 12 அன்று, அவர் தொடங்கிவைத்த அறக்கட்டளையின் நிதியில் உருவான சால்க் தடுப்பூசி பயன் தருகிறது என்ற அறிவிப்பு வந்தது.

கட்டடங்களைப் பற்றிய சட்டத்துக்கு அந்நாடு இன்னும் காத்திருந்தது. அரசு நிதியில் கட்டப்படும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழைய வழி வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கும் அதை விரிக்கும் சட்டம் 1990-இல். நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டினது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த சட்ட விதி செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, நான் மனைவியோடு சென்ற ஒரு வணிக வளாகத்தில் மேடைத் தூக்கி இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அருகில். சாவி காவலாளியிடம். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டின் நினைவிடம் 1997 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கிருந்த பெரிய சிலையில் அவர் மேலங்கி போர்த்தி அமர்ந்திருந்தார். நாற்காலியின் பின்புறம் குனிந்து தேடினால் மட்டும் சிறு உருளைகள் தென்படும். இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மறைத்துவிட்டார்களே என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் வருந்தின. 16.5 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2001 ஜனவரியில், நினைவிடத்தின் நுழைவாயிலில், எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் தாமே வடிவமைத்த அந்தச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிலை வைக்கப்பட்டது. பீடம் இல்லை, தரை மட்டத்தில் இருக்கிறது. நாற்காலியில் வருபவர் பக்கத்தில் சென்று கையைத் தொடலாம்.

அந்தப் புகைபோக்கியின் கதையை மறுநாள் காலையில் என் மனைவியிடம் சொன்னேன். அவர் சிரித்தார், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் புகைபோக்கி கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

தூக்கி முன்வாசலில், படிகளுக்கு இடப்பக்கம் பொருத்தப்பட்டது. துளசிமாடத்தை இரண்டடி நகர்த்த வேண்டியிருந்தது. பொத்தானை அவரே அழுத்துகிறார். அது மெதுவாகத்தான் ஏறும் என்பதால் தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே ஏறுகிறார். சென்ற வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்து, என்ன விலை, எத்தனை நாள் வேலை, மாடிவரைக்கும் போகுமா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார். அவருடைய தாயாருக்கு 84 வயது. மாடியிலிருந்து அவர் கீழே இறங்கி ஓராண்டாகிறதாம்.